தென்காசியில் கிடைக்காத பை

கல்யாணசுந்தரி என்று முழுப்பெயர் சொல்லிக் கேட்டால் அவள் இருக்கிற தெருக்காரர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். திருநெல்வேலிக்குப் போய் சாமான் வாங்கி வருகிற சுந்தரியக்கா என்றால் பச்சைப்பிள்ளைகூட வீட்டைக் காட்டிவிடும்.

கீழப்புலியூரில் மாட்டுவண்டி வைத்திருந்த குடும்பம் அவளுடையது. தகப்பனுடன் பிறந்த பெண்கள் ஆறு பேர். அதில் மூன்றாமவளை ஆலங்குளத்தில் கொடுத்திருந்தார்கள். அந்த அத்தையின் நடு மகனைத்தான் சுந்தரி கட்டினாள். அவன் லாரி ஓட்டப் போனவன், ஓசூர் பக்கம் ஒரு விபத்தில் போய்ச் சேர்ந்தான். கையில் மூன்று வயது முத்துசெல்வியை வைத்துக்கொண்டு, திருநெல்வேலி ஜவுளிக்கடை ஒன்றில் சேலை எடுத்துக் காட்டுகிற வேலைக்குப் போனாள். காலை பாசஞ்சரில் போய் சாயங்கால பாசஞ்சரில் வருவாள். மாதப் பாஸ் எடுத்து வைத்திருந்ததால்தான் இந்தத் தொழிலே வந்து ஒட்டியது. போகிறதுதான் போகிறாய், எனக்கு இன்னது வாங்கிட்டு வா என்று முதலில் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பிறகு அவள் தங்கச்சி. பிறகு தங்கச்சியின் மாமியார். கடைக்காரர்கள், நாற்பது தாண்டிய பெண்களை நிறுத்திவிட்டு இளவட்டங்களைச் சேர்த்தபோது வேலை போனது, பாஸ் போகவில்லை.

தென்காசி மாவட்டத் தலைநகரமாகிவிட்டது, கலெக்டர் வந்துவிட்டார், எல்லாம் உண்மைதான். பக்கத்தில் குற்றாலம். சாரல் விழுந்தால் ஊர்பட்ட கூட்டம் வருகிறது. நேந்திரங்காய் சிப்ஸ் வேண்டுமா, ஐம்பது கடை. எண்ணெய் தேய்த்துவிட ஆள் வேண்டுமா, வரிசையில் நிற்கிறார்கள். துண்டும் அரைக்கால் சட்டையும் வழிநெடுகத் தொங்குகின்றன. ஆனால் காது மிஷினுக்குப் போடுகிற பொத்தான் பேட்டரி ஒன்று வேண்டுமென்றால் கடைக்காரர், "அதெல்லாம் இங்கன ஓடாதுக்கா" என்பார். சர்க்கரைப் புண் காலுக்கான செருப்பு, பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைக்கான மாவு, வயசானவர்கள் ஊன்றி நடக்கிற வாக்கருக்கு அடியில் மாட்டுகிற ரப்பர், கனத்த உடம்புக்காரிகளுக்கு அளவான உள்ளாடை, எல்லாவற்றுக்கும் இதே பதில். ஓடாது. கேட்பாரில்லை. கேட்பவர்கள் எல்லாம் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துச் சுந்தரி கையில் கொடுத்துவிட்டார்கள் என்பது கடைக்காரருக்குத் தெரியாது.

சுந்தரிக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு வீட்டுச் சீட்டைப் பற்றி இன்னொரு வீட்டில் பேசமாட்டாள். என்ன, எதற்கு என்றும் கேட்கமாட்டாள். இங்கிலீஷ் அவளுக்கு வாசிக்க வராது. பழைய அட்டையைக் காட்டுவாள், அதே போல வாங்குவாள், கொண்டுவந்து கொடுப்பாள். அவளை நம்பி வாய்விட்டுச் சொல்ல முடியாததையெல்லாம் சொல்லியனுப்பினார்கள்.

அப்படிச் சொல்லியனுப்பியவர்களில் ஒருவர் யாக்கூப் பாய். இவர்கள் பரம்பரையில் தறி போட்டவர்கள். இவர் சவூதியில், தம்மாமில் இருபத்திரண்டு வருஷம் இருந்து திரும்பியவர். போன வருஷம் குடலில் கட்டி என்று திருவனந்தபுரத்தில் ஆபரேஷன் செய்தார்கள். வயிற்றின் இடது பக்கம் வழி வைத்து, மலம் அதன் மூலமாகவே ஒரு பையில் இறங்கும்படி செய்துவிட்டார்கள். வயிற்றில் ஒட்டுகிற தட்டு ஒன்று, நடுவில் ஓட்டையும் அதைச் சுற்றி வளையமுமாக இருக்கும். அந்த வளையத்தில் பையை டப்பென்று மாட்ட வேண்டும். தட்டு நாலைந்து நாள் இருக்கும், பையை அடிக்கடி மாற்ற வேண்டும். வெளியே சொன்னது கேரளத்தில் மூலத்துக்கு வைத்தியம் என்று. மனைவி சுல்தான் பீவிக்கும் சுந்தரிக்கும் தவிர, உடன்பிறந்த தங்கை பாஹிமாவுக்குக்கூட விஷயம் தெரியாது.

தெரியக்கூடாததற்குக் காரணம் இருந்தது. மகள் சாஜிதாவுக்குக் கடையநல்லூரில் மாப்பிள்ளை பேசியபோது, பையனின் உம்மா நேராகவே கேட்டிருந்தாள்: "உங்க வீட்டுல யாருக்கும் பெரிய நோக்காடு கிடையாதே?" யாக்கூப், "அல்லா காப்பாத்துவான், ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார். சொன்ன வார்த்தையை இனி மாற்ற முடியாது. ஆனி மாசம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு நிக்காஹ்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சீட்டுக் கொடுக்க வேண்டிவந்தது. தட்டு நாலு இருந்தது, பைதான் தீரப்போனது. எப்போதும் பழைய பெட்டியின் மூடியைக் கிழித்துக் கொடுப்பார்கள். இந்தத் தடவை வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள். யார் கையில் அகப்படுமோ என்று பயந்து, யாக்கூப் கத்தரிக்கோலை எடுத்து மூடியில் இருந்த படம், எழுத்து, எண் அத்தனையையும் வெட்டி எறிந்துவிட்டார். மிஞ்சிய வெள்ளை அட்டையை மட்டும் கொடுத்தனுப்பினார்.

சுந்தரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கேட்டிருக்கலாம். கேட்கக்கூடாது என்ற பழக்கம் வாயைக் கட்டிவிட்டது. பாளையங்கோட்டையில் பெரியாஸ்பத்திரி இருக்கிற ஹைகிரவுண்டு பக்கம் அவள் வாங்குகிற மருத்துவச் சாமான் கடையில் ஜெஸ்வின் என்கிற பையன் நிற்பான். "வழக்கமான பைதானக்கா?" என்றான். "ஆமா ராசா" என்றாள். அவன் போன தடவை அவள் வாங்கிய அளவைக் கம்ப்யூட்டரில் பார்த்து எடுத்துக் கொடுத்தான். போன தடவை அவள் வாங்கியது யாக்கூப்புக்கு இல்லை. இன்னொருவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கு சுந்தரியின் போன் அடித்தது. சுல்தான் பீவி அழுகிற சத்தமும் குழாய்த் தண்ணீர் சத்தமும் சேர்ந்து கேட்டன.

"ஏ சுந்தரி, பை மாட்ட மாட்டேங்குது. பெருசா இருக்கு."

"பழச வச்சுச் சமாளிங்க பீவியக்கா, நான் வாரேன்."

"பழசு எங்க இருக்கு? யாரும் பாத்திருவாங்கன்னு கழட்டின கையோட குப்ப வண்டியில போட்டாச்சு. வண்டியும் போயிட்டு. மனுசன் குளிமுறிக்குள்ள துண்ட வயித்துல அமுக்கிட்டு நிக்காரு. வெளிய பாஹிமா, 'அண்ணனுக்கு மாப்பிள்ள மாதிரி வெக்கமோ, இவ்வளவு நேரம் என்ன குளிப்பு'ன்னு கதவத் தட்டுதா."

நிக்காஹ் எப்படி நடக்கும் என்று சுந்தரிக்குத் தெரியும். பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அது முடிந்ததும் சபையில் இருக்கிற ஆண்கள் எழுந்து ஒவ்வொருவராக வந்து அவரைக் கட்டித் தழுவுவார்கள். நூறு பேர் என்றாலும் நூறு தழுவல். துண்டை வைத்துக் கட்டிக்கொண்டு போய் நிற்கிற இடமா அது?

ஜெஸ்வினைக் கூப்பிட்டாள். அவன் ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்பட்டு நின்றான்.

"அக்கா, இன்னைக்குக் கடை லீவு. சாவி முதலாளிகிட்ட. அவரு நாகர்கோவில்ல ஒரு விசேச வீட்டுக்குப் போயிருக்காரு."

"ராசா, இங்கன ஒருத்தர் மானம் போவுது."

அவன் கொஞ்சம் யோசித்தான். "நீங்க ரெண்டு அளவு வாங்குவீங்கல்லா. ஒண்ணு நாப்பத்தஞ்சு, ஒண்ணு அம்பத்தேழு. நான் நேத்து அம்பத்தேழு குடுத்துருக்கேன். பை கெட்டுப்போகலக்கா, வளையந்தான் வேற. அந்த இன்னொருத்தர்ட்ட அம்பத்தேழு தட்டு ஒண்ணு வாங்கி ஒட்டினா இந்தப் பை கச்சிதமா மாட்டும்."

ஒரே ஒரு தட்டு. அது இலத்தூரில், ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் மாடன் வீட்டில் இருந்தது.

மாடன் சாதாரண ஆள் இல்லை. நாலு கோட்டை விதைப்பாடு, தாத்தா காலத்து நிலம். மகன் போலீஸ், மருமகன் பட்டாளம். கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை வாங்குகிறவர். குடல் முறுக்கிக்கொண்டு ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கும் இதே கதி. மனைவி ஆனந்தவள்ளியைத் தவிர வீட்டில் மருமகளுக்குக்கூடத் தெரியாது. சீட்டைப் பம்புசெட்டுக்கு வரச்சொல்லித்தான் கொடுப்பார். முதல் நாளே சொல்லியிருந்தார்: "இது வெளிய போச்சுன்னு வையி, உன் தலைய இந்தக் கிணத்துக்குள்ள தேட வேண்டியிருக்கும்." விளையாட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஆட்டோ பிடித்து இலத்தூர் போய் இறங்கும்போது எட்டு மணி ஆகப்போனது. முற்றத்தில் மாடன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிரே கொடைக் கணக்குப் பேச வந்த ரெண்டு பேர். சுந்தரியைக் கண்டதும் அவர் மீசை அசைந்தது.

"யாரு?"

தெரிந்துகொண்டே கேட்கிறார்.

"நான்தான் அண்ணாச்சி. ஒரு நிமிசம் தனியா..."

"ஆனந்தவள்ளி! முருங்கக்கீர கேட்டு ஒரு பொம்பள வந்திருக்கா பாரு!" என்று உள்ளே சத்தம் கொடுத்தவர், எழுந்து வீட்டின் பக்கவாட்டில் மாட்டுத் தொழுவத்துக்கு நடந்தார். சுந்தரி பின்னாலேயே போனாள். தொழுவத்தில் திரும்பியதும் குரல் மாறிவிட்டது.

"வீட்டுக்கு வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க. எனக்கு ஒரு தட்டு வேணும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு வாங்கித் திருப்பித் தந்துருதேன்."

"எதுக்கு?"

"ஒருத்தருக்கு."

மாடன் அவளையே பார்த்தார். போலீஸ் பார்வை. "அப்போ என்னப் போல இன்னொருத்தன் இருக்கான். அத எங்கிட்ட வந்து சொல்லுத. அப்படின்னா என்னப் பத்தி அவன்ட்ட சொல்லியாச்சு."

"சத்தியமா இல்ல. யாருட்ட வாங்கினேன்னு சொல்ல மாட்டேன்."

"எத்தன திருடன்மாரு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருக்கானுவ தெரியுமாட்டி? ஒண்ணும் கிடையாது. போ."

"அண்ணாச்சி, நேரமில்ல."

"நீ ஆள மாத்தி வந்துட்ட. எனக்கு அப்படி ஒரு நோவே கிடையாது." முற்றத்துக்குக் கேட்காதபடி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

சுந்தரி நகரவில்லை. மாடு ஒன்று அவள் சேலைத் தலைப்பை இழுத்தது. விடுவிக்கவும் கை வரவில்லை. பதினோரு மணி, பதினோரு மணி என்றுதான் மண்டைக்குள் ஓடியது.

"அவருக்குப் பொண்ணு கல்யாணம், அண்ணாச்சி. இன்னைக்கு. அத்தன பேரும் வந்து கட்டிப்பிடிப்பாங்க. எப்படி நிப்பாரு அந்த மனுசன்?"

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று உறைத்தது. கட்டிப்பிடிக்கிற கல்யாணம் யார் வீட்டுக் கல்யாணம் என்று முப்பத்தைந்து வருஷம் காக்கி போட்டவருக்கு விளக்க வேண்டுமா? இன்றைக்குத் தென்காசியில் எத்தனை நிக்காஹ் நடந்துவிடும்? இருபது வருஷமாக வாயில் பூட்டிப் போட்டிருந்ததை அவளே திறந்து கொடுத்துவிட்டாள். சுந்தரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மாடன் வைக்கோலை இழுத்து மாட்டுக்குப் போட்டார். இன்னொரு கை போட்டார். "மீசக்காரன் மகன் கல்யாணத்துல," என்றார் மெல்ல, "நான் பந்திக்கே போகல. மண்டபத்துப் பின்னால கார்லயே உக்காந்திருந்தேன். பந்தோபஸ்துன்னு சொல்லி வச்சேன்." அது அவர் சொந்த மகன் கல்யாணம்தான். ஊரில் அவருக்கு மீசைக்காரன் என்றுதான் பெயர்.

"போன எடு. அந்த ஆளப் போட்டுக் குடு. பேரு நீயும் சொல்லாத, அவனும் சொல்ல வேண்டாம்."

சுந்தரி எண்ணை அமுக்கினாள். சுல்தான் பீவி எடுத்து, கதவிடுக்கு வழியாக யாக்கூப்பிடம் கொடுத்தாள். மாடன் தொழுவத்துத் தூணைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஏய்யா, எந்தப் பக்கம்? எடதா? அளவு? நாப்பத்தஞ்சா, சரி. தட்டு வருது. இது உமக்குப் பெரிசு, நடு ஓட்டய உம்ம அளவுக்குப் பாத்து வெட்டணும். பழைய தட்ட மேல வச்சுக் கோடு போட்டுக்கிடும். தோலு ஈரமில்லாம துடையும். ஒட்டுமுன்ன ரெண்டு உள்ளங்கைக்குள்ளயும் வச்சுச் சூடு காட்டணும், இல்லேன்னா விளிம்பு எந்திச்சிரும்... காலையில என்ன சாப்பிட்டீரு? ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வாழப்பழம் போதும். பிரியாணி பக்கம் தலைய வச்சுப் படுத்திராதியும்." தன் இடது முழங்கையை மடக்கிக்கொண்டார். "கட்டிப்பிடிக்க வரும்போது வலது தோளக் குடும். எடது கை முழங்கைய மடக்கி முன்னால வச்சுக்கிடும். நானும் அப்படித்தான்."

அந்தப் பக்கம் யாக்கூப் என்ன சொன்னார் என்று சுந்தரிக்குக் கேட்கவில்லை. மாடன் போனைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனந்தவள்ளி ஒரு துணிப்பையில் முருங்கைக்கீரையைத் திணித்துக் கொண்டுவந்தாள். கீரைக்கு அடியில் ரெண்டு தட்டு. "ஒண்ணு சரியா ஒட்டலேன்னா?" என்றாள், அவ்வளவுதான்.

திரும்பி வருகிற வழியில் சாரல் பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், கேரளாவிலிருந்து வந்த வேன்கள் குற்றாலத்துக்குத் திரும்புகிற இடத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. "இந்த ஊருக்கு எல்லாவனும் குளிக்க வாரான், நமக்கு நகர வழியில்ல" என்று ஆட்டோக்காரர் வைதார். சுந்தரி பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மணி பார்த்தாள். ஒன்பதே கால். ஒன்பதரை. ஒரு வேன்காரர் இறங்கி டீ குடிக்கவே போய்விட்டார். ஒன்பதே முக்காலுக்கு ஆட்டோவை விட்டு இறங்கி, சாரலில் நடந்தாள். நடந்தாள் என்ன, ஓடினாள்.

யாக்கூப் வீட்டு வாசலில் பாஹிமா நின்றாள்.

"என்ன சுந்தரி, நனஞ்ச கோழி மாதிரி வார? பையில என்ன?"

"கீர."

"கல்யாண வீட்டுக்குக் கீரயா? அஞ்சு ஆடு அறுத்துக் கெடக்கு, இவ முருங்கக்கீர கொண்டு வந்திருக்கா!" சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். "கொண்டா, ஆட்டுத் தோலோட சேத்து அந்தக் குப்பையில போடுதேன்." பாஹிமா பையின் காதைப் பிடித்து இழுத்தாள். இன்னொரு காது சுந்தரி கையில். கீரைக் கொத்து ஒன்று கீழே விழுந்தது.

"விடுங்க மதினி!" சுல்தான் பீவி உள்ளேயிருந்து வந்தாள். முகம் வீங்கியிருந்தது. "உங்க அண்ணனுக்குச் சூடு. டாக்டர் கீரத் தண்ணி குடிக்கச் சொல்லிருக்காரு." பையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

"கீரத் தண்ணி குடிக்கவா மூணு மணி நேரத்துக்கு மேல குளிமுறியில கெடக்காரு?" என்றாள் பாஹிமா.

மண்டபத்தில் பெண்கள் பகுதிக்கும் ஆண்கள் பகுதிக்கும் நடுவே துணித் திரை. சுந்தரி திரை ஓரத்தில் நின்றாள். யாக்கூப் வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தார். சொல்ல வேண்டியதைச் சொன்னார். குரல் நடுங்கியது. மகளைக் கொடுக்கிற தகப்பன் குரல் நடுங்கும் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். துஆ ஓதி, பிரார்த்தனை முடிந்தது. எழுந்தார்கள்.

முதல் ஆள் வந்தான். வலது தோள். இரண்டாவது ஆள். இடது முழங்கை மடங்கியே இருந்தது. மாப்பிள்ளையின் பெரியாப்பா, மூட்டை தூக்குகிற உடம்பு, சந்தோஷத்தில் யாக்கூப்பை அப்படியே தரையிலிருந்து தூக்கிவிட்டார். சுந்தரி திரைத்துணியைப் பிடித்துக்கொண்டாள். யாக்கூப்பின் கண் இறுக மூடியது. இறக்கிவிட்டார். யாக்கூப் குனிந்து பார்க்கவில்லை. குனியக்கூடாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. அடுத்த ஆளுக்கு வலது தோளைக் கொடுத்தார். எழுபத்தெட்டு பேர். சுந்தரி ஒரு ஆளை விடாமல் எண்ணினாள். சட்டை வெள்ளையாகவே இருந்தது.

அடுத்த மாதம் மாடனிடமிருந்து சீட்டு வரவில்லை. கல்யாணத்துக்கு மறுநாள் புதுத் தட்டுகளை வாங்கித் திருப்பிக் கொடுக்கப் போனபோதும் ஆனந்தவள்ளிதான் வாங்கிக்கொண்டாள். அவர் வெளியே வரவில்லை. ஒரு ஆளை இழந்தோம், இனி ஒவ்வொருவராகப் போய்விடுவார்கள் என்று சுந்தரி சோறு இறங்காமல் இருந்தாள்.

ஒரு நாள் தென்காசியில் பெரிய மருந்துக்கடை வைத்திருக்கிற உச்சிமாகாளி, வழியில் போன அவளைக் கைதட்டிக் கூப்பிட்டார். "யக்கா, இங்க வாங்க. இலத்தூர்ல இருந்து ஒரு மீசக்காரரு வந்தாரு. கடையில பத்துப் பேரு நிக்கும்போதே, 'எனக்கு வயித்துல பை இருக்கு, இனிமே உங்கிட்டதான் வாங்குவேன், ரெண்டு அளவுலயும் வாங்கி வையி'ன்னு கவுண்டரத் தட்டுதாரு. 'ரெண்டு அளவு எதுக்கு சார், உங்களுக்கு ஒண்ணுதான?'ன்னேன். 'வேற ஆளு வரும், வாங்கி வையில'ங்காரு. யாரும் வரலயே? சும்மா கெடக்கு."

யாக்கூப் இன்னும் வெள்ளை அட்டையைத்தான் சுந்தரியிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். இப்போது மூலையில் 45 என்று பேனாவால் எழுதியிருந்தது. கடைக்கு வர அவரால் முடியவில்லை. மகள் அந்த வீட்டில் வேர் பிடிக்கட்டும் என்றார். சுந்தரி இடுப்பிலிருந்து அந்த அட்டையை எடுத்து உச்சிமாகாளியிடம் நீட்டினாள்.

"இதுல ஒரு பெட்டி குடுங்க."

"பில்லுல யாரு பேருன்னு போட?"

கடையில் நாலு பேர் நின்றார்கள். அதில் ஒருத்தி பாஹிமாவின் பக்கத்து வீட்டுக்காரி.

"என் பேருதான்," என்றாள் சுந்தரி. "கல்யாணசுந்தரின்னு முழுசாப் போடுங்க."

ரெண்டு நாள் கழித்து பாஹிமா ஆப்பிளும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வீடு தேடி வந்தாள். சுந்தரியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு இப்படி ஒரு நோக்காடுன்னு எங்கிட்டச் சொல்லக்கூடாதாட்டி, நான் என்ன ஊரெல்லாமா சொல்லப் போறேன்?" என்று அழுதாள். சுந்தரி மறுத்துப் பேசவில்லை. இடது முழங்கையை மடக்கி வயிற்றுக்கு முன்னால் வைத்துக்கொண்டு, ஆப்பிளை வாங்கிக்கொண்டாள்.